வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு நாட்டு செய்தியையும் எப்படி படிக்கறது

வெளிநாடு வந்து வருஷக்கணக்கா இருக்கறவங்க நிறைய பேர் காலையில கண்ணு முழிச்சதும் போனை எடுத்து ஊர் செய்தியைத்தான் பார்க்கறாங்க, எந்தக் கட்சி யாரோட கூட்டணி, யாருக்கு எத்தனை சீட்டுன்னு எல்லாம் விரல் நுனியில இருக்கும், ஆனா குடியிருக்கற தெருவுக்கு யாரு கவுன்சிலர்னு கேட்டா முழிப்பாங்க. அடுத்த வாரம் ரயில் ஓடுமா ஸ்ட்ரைக்கா, வீட்டு ஓனர் வாடகையை எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம், விசா ரூல் மாறுதா, பிள்ளைங்க ஸ்கூல்ல என்ன மாத்தறாங்க, நம்ம அன்றாட வாழ்க்கையைத் தொடற இந்த விஷயமெல்லாம் முடிவாகறது நாம இருக்கற இடத்துலதான். அதனால முதல்ல படிக்கற வரிசையை மாத்துங்க. முதல்ல இருக்கற ஊரு, அப்புறம் இருக்கற நாடு, அதுக்கப்புறம் சொந்த நாடு. இப்படிப் படிச்சா ஊர்ப்பாசம் ஒண்ணும் குறைஞ்சிடாது, ஊர் செய்திக்கு சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி நிதானமா படிக்கலாம், நாள் பூரா நோட்டிஃபிகேஷன் அடிச்சுக்கிட்டே இருக்கறதை விட அதுதான் மனசுக்கும் நல்லது.

உள்ளூர் செய்தி படிக்க மொழி தெரியலையேன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. இதுக்குன்னே நல்ல நல்ல ஏற்பாடெல்லாம் பெரும்பாலும் இலவசமா இருக்கு. ஜெர்மனியில டாய்ச்ச வெல்லெங்கற ஒலிபரப்பு நிறுவனம் அன்னன்னிக்கு செய்தியை மெதுவா, ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழற மாதிரி வாசிச்சுப் போடறாங்க, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ ரேடியோவோட எளிய பிரெஞ்சு செய்தி, ஸ்வீடன்ல ஸ்வீடிஷ் ரேடியோவோட எளிய ஸ்வீடிஷ் செய்தி, ஜப்பான்ல என்ஹெச்கே நடத்தற எளிய ஜப்பானிய செய்தின்னு பல மொழிக்கும் இருக்கு. நான் சொல்ற வழி என்னன்னா, அன்னிக்கு பெரிய செய்தியை முதல்ல இங்கிலீஷ்லயோ தமிழ்லயோ படிச்சிடுங்க, அதுக்கப்புறம் அதையே அந்த ஊர் மொழியில கேளுங்க, விஷயம் ஏற்கனவே தெரியுங்கறதால காது வார்த்தையை மட்டும் பிடிச்சா போதும். மொழி கிளாஸ்ல ஹோட்டல்ல ஆர்டர் பண்றதுதான் சொல்லித் தருவாங்க, வாடகை, வரி, தேர்தல், வேலைநிறுத்தம் மாதிரி வார்த்தையெல்லாம் செய்தியிலதான் வரும், அரசாங்க லெட்டர்ல வர்றதும் அதே வார்த்தைங்கதான்.

அதோட அந்த நாட்டுல எந்த விஷயம் யாரு கையில இருக்குன்னு ஒரு தடவை உக்காந்து தெரிஞ்சுக்கங்க. ஜெர்மனியில பள்ளிக்கூடம் மாநிலத்து கையில, கனடாவுல ஆஸ்பத்திரி நிர்வாகம் மாகாணத்து கையில, பிரிட்டன்லயே இங்கிலாந்துக்கு ஒரு சுகாதாரத்துறை ஸ்காட்லாந்துக்கு ஒரு சுகாதாரத்துறை. இது தெரியாம எல்லாத்துக்கும் பிரதமரைத் திட்டிக்கிட்டு இருந்தா யாருக்கு மனு எழுதணும்னே தெரியாது. ஆபீஸ்ல அந்த ஊர்க்காரங்க அரசியல் பேசும்போதும் இந்த அடிப்படை தெரிஞ்சா நல்லா கேள்வி கேக்கலாம். முதல் ஒரு வருஷம் கேளுங்க, கருத்து அப்புறம் சொல்லலாம்.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு, விசா செய்தி. இதுல மட்டும் தலைப்பை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீங்க, கை கூப்பி கேட்டுக்கறேன். 2025 செப்டம்பர் 19ம் தேதி வெள்ளிக்கிழமை அமெரிக்காவுல எச்1பிங்கற வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு டிரம்ப் கையெழுத்து போட்டாரு. ஞாயித்துக்கிழமை நள்ளிரவு தாண்டினதும் அமல்னு அதுலயே இருந்துச்சு. வருஷா வருஷம் கட்டணும்ங்கற மாதிரி வர்த்தகத்துறை அமைச்சர் பேசினாரு. அவ்வளவுதான், லீவுல ஊருக்கு வந்தவங்களை எல்லாம் உடனே திரும்பி வாங்கன்னு பெரிய பெரிய கம்பெனிங்க மெயில் அனுப்ப, கிடைச்ச டிக்கெட்டை வாங்கிக்கிட்டு ஜனங்க ஓடினாங்க, ஃப்ளைட்ல ஏறி உக்காந்துட்டு திரும்ப இறங்கினவங்க கூட உண்டு. மறுநாள் சனிக்கிழமை வெள்ளை மாளிகையும் குடியேற்றத் துறையும், இது ஒரே ஒரு தடவை கட்டற கட்டணம், இனிமே புதுசா போடற மனுவுக்கு மட்டும்தான், ஏற்கனவே விசா வச்சிருக்கறவங்க வழக்கம்போல போய் வரலாம்னு விளக்கம் கொடுத்தாங்க. ஒரு நாள்தான், ஆனா அந்த ஒரு நாள்ல எத்தனை குடும்பம் தவிச்சிருக்கும்னு நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. ஓடினவங்களை குறை சொல்லவே முடியாது, அமல் தேதி அவ்வளவு கிட்டத்துல இருந்துச்சு, பொறுப்புல இருந்தவங்க முதல்லயே தெளிவா சொல்லியிருக்கணும்.

பிரிட்டன்லயும் பாருங்க. 2023 டிசம்பர் 4ம் தேதி, கணவனையோ மனைவியையோ கூட்டிட்டு வர்ற குடும்ப விசாவுக்கு வருமான வரம்பு 38,700 பவுண்டுன்னு அறிவிச்சாங்க. அதே மாசம் 21ம் தேதி, இல்லை முதல்ல 29,000ன்னு இறங்கி வந்தாங்க, அது அமலுக்கு வந்தது 2024 ஏப்ரல் 11. முதல் அறிவிப்பைப் பார்த்து இனிமே நாம சேர்ந்து வாழவே முடியாதுன்னு நொந்து போனவங்க எத்தனை பேரு.

அதனால விசா செய்தி எது வந்தாலும் நாலு விஷயம் தேடுங்க. சொன்னது யாரு, அமைச்சர் பேட்டியா இல்ல எழுத்துல வந்த உத்தரவா. எந்த தேதியிலேருந்து அமல். புது விண்ணப்பத்துக்கா, ஏற்கனவே இருக்கறவங்களுக்குமா, புதுப்பிக்கறப்போ என்ன. அந்த மூல உத்தரவு எங்க இருக்கு. குடியேற்றத் துறையோட சொந்த வெப்சைட்டுல, இல்லேன்னா அரசிதழ்ல இருக்கும், பெரும்பாலான நாடுகள்ல அரசிதழ் இப்ப ஆன்லைன்லயே கிடைக்குது. யூடியூப்ல சிவப்பு எழுத்துல போடற தம்ப்நெயிலுக்கு இந்த நாலுல ஒண்ணுக்கு கூட பதில் தெரியாது. நாலுக்கும் பதில் கிடைச்சும் குழப்பம்னா குடியேற்ற வக்கீல்கிட்ட காசு கொடுத்து கேளுங்க, அந்தக் காசு வீண் இல்லை.

அடுத்தது வதந்தி. 2024 ஜூலை 29ம் தேதி இங்கிலாந்துல சவுத்போர்ட்ங்கற ஊர்ல சின்னப் பிள்ளைங்க டான்ஸ் கிளாஸ்ல ஒருத்தன் கத்தியால குத்தி மூணு பெண் குழந்தைங்க செத்துப் போச்சு. கொஞ்ச நேரத்துலயே, குத்தினவன் படகுல வந்த அகதின்னு ஒரு பொய்ப் பேரோட செய்தி பரவிச்சு. உண்மையில அவன் கார்டிஃப்ல பிறந்த 17 வயசுப் பையன். ஆனா அந்தப் பொய் மசூதியைத் தாக்கற வரைக்கும், அகதிங்க தங்கியிருந்த ஹோட்டலுக்கு தீ வைக்கற வரைக்கும் போயிடுச்சு, வெளிநாட்டுலேருந்து வந்தவங்க நிறைய பேர் அந்த வாரம் பயந்துக்கிட்டுதான் வெளியில போனாங்க. ஆகஸ்ட் 7ம் தேதி இன்னின்ன இடத்துல கூடப்போறாங்கன்னு ஒரு லிஸ்ட் வேற சுத்திச்சு, அன்னிக்கு பெரும்பாலான இடத்துல அப்படி ஒண்ணும் நடக்கலை, அதுக்குப் பதிலா வெறுப்புக்கு எதிரா ஆயிரக்கணக்கான ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. அந்த ஊர்க்காரங்கதான் வந்தாங்க, நம்மளை மாதிரி ஆளுங்களுக்காக வந்தாங்க, அதையும் நாம சொல்லணும்.

இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணணும்னா, உங்க ஊர் போலீஸோட அதிகாரபூர்வ பக்கத்தை முன்னாடியே ஃபாலோ பண்ணி வச்சுக்கங்க. ஒரு செய்தி பெருசா இருந்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பிங்கற மூணு பெரிய செய்தி நிறுவனத்துலயுமே வரலைன்னா கொஞ்சம் பொறுங்க. படம் வந்தா அது முதல்ல எங்க வந்துச்சுன்னு கூகுள் லென்ஸ்லயோ டின்ஐ (TinEye) வெப்சைட்லயோ போட்டு தேடிப் பாருங்க, எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல எடுத்ததா இருக்கும். வாட்ஸ்அப்ல ரெட்டை அம்பு போட்டு பலமுறை ஃபார்வர்ட் ஆனதுன்னு வந்தா அதை அனுப்பினவருக்கே முதல்ல யாரு எழுதினாங்கன்னு தெரியாதுன்னு அர்த்தம். அனுப்பினது பெரியப்பாவா இருந்தா குரூப்புல எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க, தனியா போன் பண்ணி சொல்லுங்க, அவரே டெலீட் பண்ணிடுவாரு.

ஃபார்வர்ட் பண்றதுல சட்டமும் இருக்கு. அமீரகத்துல 2021ம் வருஷ சைபர் குற்றச் சட்டப்படி வதந்தி பரப்பினா ஜெயில், நாம எழுதினதா இல்ல நாம பகிர்ந்ததாங்கறதெல்லாம் காப்பாத்தாது. அங்கேயே விபத்துல அடிபட்டவங்களை போட்டோ எடுத்துப் போட்டாலும் கேஸ். சிங்கப்பூர்ல பொய்ச் செய்திக்குன்னு 2019லயே தனிச் சட்டம் வந்துடுச்சு, ஹாங் லிம் பார்க்ல இருக்கற பேச்சாளர் முனையில குடிமக்களும் பிஆர்ங்கற நிரந்தரக் குடியிருப்பு உரிமை வச்சிருக்கறவங்களும்தான் கூட்டத்துல கலந்துக்கலாம், வேலை விசாவுல இருக்கறவங்க சும்மா போய் நின்னா கூட தப்பு. ஊர்ல ஏதோ அநியாயம் நடந்துச்சுன்னு உணர்ச்சிவசப்பட்டு நாலு பேரா கூடி பதாகை பிடிக்கறதுக்கு முன்னாடி அந்த நாட்டுல அதுக்கு அனுமதி உண்டான்னு பார்த்துடுங்க. இன்னொண்ணு, இதை நான் அழுத்தியே சொல்றேன், பத்திரமா வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு ஊர்ல ஜாதிச் சண்டையோ மதச் சண்டையோ நடக்கறப்போ அதை ஊதி விடாதீங்க. நம்ம தலைமேல ஒண்ணும் விழாது, அங்க அதே தெருவுல குடியிருக்கறவங்க மேலதான் விழும்.

ஓட்டு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. பிரிட்டன்ல முறையான விசாவோட இருக்கற இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டுக்காரங்கங்கறதால பார்லிமென்ட் தேர்தல் உட்பட ஓட்டுப் போடலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. நியூசிலாந்துல ரெசிடென்ட் விசாவோட தொடர்ந்து ஒரு வருஷம் இருந்திருந்தா உண்டு. அயர்லாந்துல அங்க குடியிருக்கற யாரும் உள்ளாட்சித் தேர்தல்ல போடலாம், ஸ்வீடன்ல மூணு வருஷம் பதிவோட இருந்தா உள்ளாட்சிக்கு உண்டு. உரிமை இருந்தா பதிவு பண்ணுங்க, நம்ம ஓட்டு இருக்குன்னு தெரிஞ்சாதான் கவுன்சிலர் நம்ம தெருவுக்கு வருவாரு. அமெரிக்கா நேர் எதிர், குடியுரிமை இல்லாதவங்க மத்திய அரசுத் தேர்தல்ல ஓட்டுப் போட்டா குற்றம், நாடு கடத்தற அளவுக்குப் போகும். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கற இடத்துலயே வாக்காளரா பதிவு பண்ணலாமான்னு கேப்பாங்க, சிட்டிசன் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு ஃபாரத்துல டிக் விழாம பார்த்துக்கங்க. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தா ஊர்ல படிவம் 6ஏ கொடுத்து பேர் சேர்க்கலாம், ஆனா தேர்தல் அன்னிக்கு நேர்ல பாஸ்போர்ட்டோட போய்த்தான் போடணும்.

வீட்டுக்குப் போன் பண்றதுலயும் ஒரு முறை வேணும். 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ்ல காட்டுத்தீ எரிஞ்சப்போ டிவியில கலிஃபோர்னியா எரியுதுன்னு ஓடிச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கற பையனுக்கு அம்மா போன் பண்றாங்கன்னு வைங்க.

"ஏம்ப்பா, அங்க ஊரே எரியுதாமே, கிளம்பி வந்துடேன்."

இதுக்கு "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, டிவியைப் பார்க்காதே"ன்னு எரிஞ்சு விழுந்தா அவங்க பயம் இன்னும் கூடத்தான் செய்யும். "அம்மா, கலிஃபோர்னியா தமிழ்நாட்டை விட மூணு மடங்கு பெருசு, தீ பிடிச்ச இடம் இங்கேருந்து ரோட்ல 600 கிலோமீட்டர், இங்க புகை கூட இல்லை, இதோ பாரு ஜன்னல்"னு வீடியோ கால்ல காட்டுங்க. தூரம் எவ்வளவு, இங்க நிலைமை என்ன, அடுத்து எப்ப பேசுவேன், இந்த மூணையும் சொல்லிட்டா அவங்க தூங்கிடுவாங்க. சொன்ன நேரத்துக்கு தவறாம கூப்பிடுங்க, மார்ச்ல கடிகாரம் மாத்தறப்போ கவனம், அமெரிக்காவுல ரெண்டாவது ஞாயித்துக்கிழமையும் ஐரோப்பாவுல கடைசி ஞாயித்துக்கிழமையும் மாறும், அன்னியிலேருந்து ஊர் நேரத்தோட இருக்கற வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறிடும், வீட்டுல முன்கூட்டியே சொல்லி வைங்க.

கடைசியா தூதரகம். 2022 பிப்ரவரி 24ம் தேதி ரஷ்யா படையெடுத்து உக்ரைன்ல வான்வெளியை மூடினப்போ அங்க படிச்ச நம்ம மாணவருங்க போலந்து, ஹங்கேரி, ருமேனியா எல்லை வரைக்கும் பஸ்சுலயும் ரயில்லயும் நடந்தும் போனாங்க. அதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே, பிப்ரவரி 15ம் தேதி, கட்டாயம் இல்லாதவங்க தற்காலிகமா கிளம்பறதைப் பத்தி யோசிங்கன்னு கீவ் இந்தியத் தூதரகம் அறிவிப்பு போட்டிருந்துச்சு. படிப்பு, ஃபீஸ், டிக்கெட்டுன்னு ஆயிரம் காரணம் இருக்கும், எல்லாராலயும் உடனே கிளம்ப முடியாது, ஆனா அறிவிப்பு வந்த அன்னிக்கே கண்ணுல படணும். அதுக்கு தூதரகப் பக்கத்துல நோட்டிஃபிகேஷன் ஆன் பண்ணி வைங்க, உங்க பேர், முகவரி, நம்பரைப் பதிவு பண்ணுங்க. கைது மாதிரி ஏதாவது ஆனா தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்ற உரிமை 1963ம் வருஷ வியன்னா தூதரக உடன்படிக்கையோட 36ம் பிரிவுல இருக்கு, அவங்க வந்து பார்க்கலாம், வக்கீல் ஏற்பாட்டுக்கு உதவலாம், ஆனா ஜெயில்லேருந்து வெளியில எடுக்க முடியாது. அவசர நம்பரையும் சேர்த்து சேவ் பண்ணுங்க, ஐரோப்பிய யூனியன் பூரா 112, அமெரிக்கா 911, பிரிட்டன் 999, ஆஸ்திரேலியா 000, நியூசிலாந்து 111. வீடு மாத்தினாலோ போன் நம்பர் மாத்தினாலோ தூதரகப் பதிவுலயும் அன்னிக்கே மாத்திடுங்க.