கோடைப் பூவுக்குக் கார்த்திகையிலேயே கவாத்து

சித்திரையிலும் வைகாசியிலும் தோட்டம் பூத்துக் குலுங்க வேண்டும் என்று ஆசைப்படுவோரில் பலர் பங்குனி பிறந்த பிறகுதான் உரக்கடைக்குப் போகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும். தமிழகச் சமவெளியில் கோடையில் பூக்கும் செடி, மரங்களில் பல, பனிக்காலத்திலோ அதையடுத்த வறட்சியிலோ ஓய்ந்து கிடந்துவிட்டுப் பிறகு பூப்பவை. செடி சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் அதைச் சும்மா இருக்க விடுவது தோட்ட வேலையில் பாதி என்றே சொல்லலாம்.

முதலில் குண்டுமல்லி. மல்லிகை புதிதாக விடும் கிளையின் நுனியிலும் அதன் பக்கக் கிளைகளிலும்தான் மொட்டு வைக்கும். முற்றிய பழைய கிளை பெரும்பாலும் இலையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை, நவம்பர் கடைசி வாரத்தில், செடியைத் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும்; இதுதான் கவாத்து. வடகிழக்குப் பருவமழை ஓயாத கடலோர ஊர்களில் மார்கழிக்குத் தள்ளிப்போட்டாலும் குற்றமில்லை. ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும் என்பதால், இரண்டு மூன்று நாள் வெயில் கண்ட பிறகு கத்தரியை எடுப்பதே நல்லது. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே நீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கி, மீந்திருக்கும் இலைகளையும் கையால் உருவிவிட வேண்டும். இலையில்லாத குச்சிகளாக நிற்கும் செடியைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் பதறக்கூடும், பதற வேண்டியதில்லை.

உரம் அதன் பிறகுதான். மண்ணில் நட்டு நன்கு வளர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) முறையே 60, 120, 120 கிராமும் வேண்டும் என்பது வேளாண் துறையின் பரிந்துரை. இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பாதியும் ஜூன், ஜூலையில் மறுபாதியும் இடலாம். தொட்டிச் செடிக்கு இந்த அளவு பொருந்தாது. மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி அகற்றிவிட்டு, மக்கிய தொழு உரத்தோடு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கைக் கலந்து நிரப்பினால் போதும். எதை இட்டாலும் தண்டை ஒட்டிக் கொட்டாமல், ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடி நீர் ஊற்ற வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி பச்சைப்பசேலென்று தழைத்து நிற்குமே தவிர மொட்டு வைக்காது. மல்லிகைக்கு வெயிலும் குறையக் கூடாது. மாமர நிழலில் நட்டுவிட்டுப் பூவில்லையே என்று குறைப்பட்டுப் பயனில்லை.

மாசி கடைசியில் மொட்டுகள் தென்படத் தொடங்கியதும் கண் வைக்க வேண்டியது பூச்சிகள்மீது. மொட்டில் வட்டத் துளை தெரிந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் பின்னியதுபோல் ஒட்டிக்கிடந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. மொட்டு வெண்மையாகாமல் அடிப்பகுதி வீங்கி ஊதா நிறமாக மாறிக் காய்ந்து உதிர்ந்தால், கொசுவைவிடச் சிறிய ஓர் ஈயின் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தப் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆதலால் உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கி அழிப்பதும், செடியடி மண்ணை அவ்வப்போது கொத்திவிடுவதும் மருந்தடிப்பதைவிட வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை. அதற்கும் அடங்காவிட்டால், பூப்பறித்த பின் மாலை வேளையில், ஒரு லிட்டர் நீருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். துளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பூச்சியன்று, இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து இலைமீது தெளித்தால் அடுத்து வரும் துளிர் பச்சையாக வரும்.

மல்லிகை மாலையில் மலர்வது. பறிக்க வேண்டியதோ விடியற்காலையில், முழுதாகப் பருத்து வெளுத்து இன்னும் வாய் திறக்காத மொட்டாக. ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்த கிளையின் நுனியை இரண்டு கணு அளவுக்குக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து மறு சுற்றுப் பூ வரும். இதைப் பலர் செய்வதில்லை. சித்திரையோடு பூ நின்றுவிட்டதாகச் சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கிள்ளல்தான் விடுபட்டிருக்கும்.

இடமிருப்பவர்கள் ஒரு சரக்கொன்றை வைக்கலாம். என் பார்வையில் கோடை மரங்களில் அதற்கு நிகரில்லை. அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தோலைச் சற்றே மெலிதாக்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பருத்த விதைகளை மட்டும் ஊன்ற வேண்டும். நல்ல வெயில் படும் இடத்தில், சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுவது நலம். பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டும். வளர்ந்த மரம் மாசி, பங்குனியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதைக் கண்டு பட்டுப்போகிறதென்று நீரைக் கொட்டுவதும் கிளையை வெட்டுவதும் அந்த ஆண்டுப் பூவைக் கெடுத்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, முழங்கை நீளச் சரங்கள் கீழ்நோக்கித் தொங்க, ஒவ்வொரு சரமும் காம்புப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி நாள்தோறும் சில பூக்களாக அவிழும். பூ முடிந்து வரும் தளிரை மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் அரிக்கும்; மரம் தானே மீண்டுவிடும், மருந்து வேண்டாம். நீண்ட கருங்காயின் சதை பேதியாக்கும் என்பதால் குழந்தைகள் எடுத்துச் சுவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே மாதத்தில் தெருவெல்லாம் சிவக்கச் செய்யும் குல்மோகர், மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். அழகுதான், ஆயினும் அதன் வேர் மேலோடியது, கிளை எளிதில் முறியக்கூடியது, கோடைமழைக் காற்றில் விழுந்து மதில் உடைவதும் உண்டு. சிறிய மனைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடமே இல்லாதவர்களுக்கு, பந்துபோல் சிவந்து பூக்கும் மே மாத லில்லி ஒரு தொட்டியில் அடங்கும். கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்குமாறு தை, மாசியில் ஊன்றி, நீரை மிகக் குறைத்து நிழலில் வைத்துவிட்டு, சித்திரையில் முதல் கோடைமழை பெய்ததும் நீர் விடத் தொடங்கலாம். பூ ஒரு வாரம் நிற்கும். அதன்பின் வரும் இலைகளை வெட்டாமல், அவை தாமாக மஞ்சளாகும் வரை பேண வேண்டும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவு கிழங்கில் சேர்வது அந்த இலைகளால்தான். கிழங்கு நஞ்சு, நாயும் குழந்தையும் இருக்கும் வீட்டில் தொட்டியை உயரத்தில் வைப்பது நல்லது. காகிதப்பூவுக்கு இவ்வளவுகூட வேண்டாம்: இலை சற்றே துவளும் வரை நீரை நிறுத்தி, பிறகு ஊற்றினால் நிறம் காட்டும்.

ஆனியில் மல்லிகைக்கு மறுபாதி உரத்தை இட்ட கையோடு, தரையோரம் சாய்ந்த கிளையொன்றைக் கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் பதித்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். ஈரம் காயாமல் காத்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து, ஓரடி ஆழ அகலக் குழியில் தொழு உரமிட்டு, செடிக்குச் செடி நாலடி இடைவெளியில் நடலாம்.