வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துவோர் வருமான வரியில் செலவுகளைக் கழிப்பது எப்படி?

திருப்பூரில் கணவனும் மனைவியும் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில், கைக்குழந்தையை விட்டுச் செல்வது பெரும்பாலும் அடுத்த தெருவில் ஓர் அக்கா தம் வீட்டிலேயே நடத்தும் காப்பகத்தில்தான். சனிக்கிழமை வாரக் கூலி வந்ததும் அவருடைய கட்டணமும் ரொக்கமாக வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி பாலுக்கும் காய்கறிக்கும் ஆயாவின் சம்பளத்துக்கும் போய்விடுகிறது. வரவை மட்டும் நினைவில் வைத்திருந்து, செலவை ஆண்டு முடிவில் தோராயமாகச் சொல்லும் பழக்கத்தால் நியாயமாகக் கழிக்க வேண்டியதைக்கூட இவர்கள் இழக்கிறார்கள்.

முதலில் எந்த வழியில் கணக்குக் காட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். காப்பக வருமானம் தொழில் வருமானம். ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், ரொக்க வரவில் 8 சதவீதத்தையும், வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டும் அனுமான வரி முறை உண்டு. லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலாகவே காட்டலாம். ஆனால் இந்த முறையில் எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிந்ததாகவே சட்டம் கருதுவதால், வாடகை, சம்பளம் என்று தனியாக எதையும் கழிக்க முடியாது. தொட்டிலும் பாயும் வாங்கிப் போட்டுவிட்டு நான்கு குழந்தைகளோடு தொடங்கும் முதல் ஆண்டில் உண்மையான லாபம் இந்தச் சதவீதத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அப்போது கணக்குப் புத்தகம் எழுதிச் செலவைக் கழிப்பதே பொருத்தம். அனுமான முறையில் நுழைந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குள் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகள் அதற்குத் திரும்ப முடியாது என்பதால் அவசரப்பட வேண்டாம்.

புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். வங்கியில் கடன் கேட்டுப் போகும் நாளில் ஒழுங்கான கணக்குதான் பேசும் என்பதே என் பதில். தவிர, தொழிற்செலவைக் கழிப்பதற்குப் பழைய முறை, புதிய முறை என்ற வேறுபாடு கிடையாது.

தொழிலுக்காக மட்டுமே செய்த செலவைக் கழிக்கலாம், சொந்தச் செலவைக் கழிக்கக் கூடாது என்பதே அடிப்படை விதி. வீட்டில் நடக்கும் தொழிலில் இந்த இரண்டும் கலப்பதால், பிரிக்கும் முறையை முதல் மாதமே வகுத்துக்கொள்ள வேண்டும். 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை என்றும், 300 சதுர அடி ஹால் காப்பகமாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஹால் காப்பகத்துக்கு மட்டுமே என்றால் மூன்றில் ஒரு பங்கான 3,000 ரூபாயைக் கழிக்கலாம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் குடும்பமே அங்கு புழங்குகிறது என்றால், வாரத்தின் 168 மணி நேரத்தில் காப்பகம் நடக்கும் 72 மணி நேரத்தைக் கணக்கிட்டு, ஏறத்தாழ 1,285 ரூபாயை எழுதுவதே நேர்மையான பங்கு. சொந்த வீடாக இருந்தால் தமக்குத் தாமே வாடகை எழுத முடியாது. பழுதுபார்ப்புக்கும் சொத்து வரிக்கும் இதே விகிதத்தில் பங்கு எடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில், இலவச யூனிட் போக உண்மையில் கட்டிய தொகையை மட்டுமே பிரிக்க வேண்டும்.

உணவில்தான் குழப்பம் அதிகம். காப்பகக் குழந்தைகளுக்குக் காய்ச்சும் பாலும் ராகிக் கஞ்சியும் செலவு. அதே பானையில் நம் வீட்டுக்கு எடுத்தது செலவு அல்ல. பால் பாக்கெட்டைத் தனியாக வாங்கித் தனி நோட்டில் எழுதுவது, பிறகு பங்கு பிரிப்பதைவிட எளிது. உழவர் சந்தையில் ரசீது கிடைக்காது. அன்றே தேதி, பொருள், எடை, தொகை எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் போட வேண்டும். வீட்டு உபயோக எரிவாயு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்த விதி இடம் தருவதில்லை என்பதால், 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கி அதன் பில்லைச் சேர்க்க வேண்டும்.

குழந்தைகள் படுக்க வாங்கிய பவானி ஜமக்காளம், பொம்மை, சோப்பு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அந்த ஆண்டிலேயே கழிக்கலாம். மரத் தொட்டில், அலமாரி போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 10 சதவீதமும், குளிர்பதனப் பெட்டிக்கு 15 சதவீதமும் தேய்மானமாக, அதாவது பொருள் பழசாவதால் குறையும் மதிப்பாகத்தான் கழியும். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதி.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதையும் கழிக்க முடியாமல் போய்விடும். ஆகவே ஆயாவின் சம்பளம் அதைத் தாண்டினால் வங்கி வழியாகவே அனுப்பவும். கடைகளில் தரும் அச்சுச் சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால், வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து, மாதவாரியாகச் சேமித்து வைக்கவும்.