வெளிநாட்டில் மலிவு ரூம்: "போச்சாது போங்க" என்று விட்டுவிடும் தவறுகள்

2023 ஜூனில் மிலானில் ஐடிஎம்ஏ ஜவுளி எந்திரக் கண்காட்சி நடந்தது. திருப்பூரிலிருந்து நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நூல் விலையில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க அரை நாள் பேசுகிற ஆட்கள்தான். ரூம் போடும்போது மட்டும், செயலியில் எது ஆகக் குறைவோ அதைத் தட்டி, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதற்கும் சரி கொடுத்துவிட்டோம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. "போச்சாது போங்க மாப்ள, படுக்கத்தானே" என்றார் மாமா.

எல்லாத் தவறும், பரவாயில்லை என்கிற அந்தப் "போச்சாது"வில்தான் தொடங்குகிறது. ஊரில் கல்யாண மண்டபம் பேசப் போனால் கக்கூஸ் குழாய்வரை திறந்து பார்க்கிறோம். அங்கே போனால் கூச்சம் வந்துவிடுகிறது. பெட்டியைக் கீழே வைக்கும் முன் வெந்நீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, தீப்பிடித்தால் இறங்கும் படி எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். துணியெல்லாம் வெளியே எடுத்த பிறகு வேறு ரூம் கேட்க யாருக்கும் மனசு வராது.

மூட்டைப்பூச்சிதான் பெரிய வம்பு. பகலில் கண்ணில் படாது; மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் தலைப்பலகைப் பின்புறம், விரிசல் என்று ஒளிந்திருக்கும். போர்வையை விலக்கி, போன் டார்ச் அடித்து மெத்தையின் நாலு மூலையையும் பாருங்கள். பேனா மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அதன் எச்சம். அந்த ரூம் வேண்டாம். பக்கத்து ரூமும் வேண்டாம், சுவர் வழியாக வந்துவிடும். பார்த்து முடிக்கும்வரை பெட்டி குளியலறைத் தரையில் இருக்கட்டும். கட்டில்மேல் பெட்டியை விரிப்பது மூட்டைப்பூச்சியை ஊருக்குக் கூட்டி வருவதற்குச் சமம். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எங்கள் ஆத்தா கயிற்றுக்கட்டிலை வாசலில் போட்டு வெந்நீர் ஊற்றியது சும்மா இல்லை, 60 டிகிரி சூட்டில் துவைத்தால் துணியில் இருப்பது முட்டையோடு சாகும்.

விலைக் கணக்குக்கு வருவோம். செயலியில் தெரிவது முழுத் தொகை என்று நினைத்துவிடுகிறோம். மிலானில் தலைக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனி. மலேசியாவில் 2017 முதல் வெளிநாட்டவரிடம் ரூமுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று மிஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையில் அவர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் மலிவு ரூம் பலவற்றுக்கு ஜன்னலே இராது. அது விவரத்தில் எழுதித்தான் இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. செயலியில் ரூமுக்குப் போட்டிருக்கும் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசி இரண்டு மாதத்தில் திட்டி எழுதியவர்கள் எதற்குத் திட்டினார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், ரைஸ் குக்கர். மாமா அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ரூமிலேயே தாளித்தார். கூரையிலிருந்த புகை அலாரம் அலறி, மாடி மொத்தமும் வராண்டாவில் வந்து நின்றது. (சாதம் நன்றாகத்தான் இருந்தது.) சமைக்காதீர்கள், புளிசாதப் பொடியும் வெந்நீரும் போதும்.

ரூம் மோசம் என்றால் சகித்துக்கொண்டு, ஊருக்கு வந்து புகார் எழுதுவது வீண். அங்கே இருக்கும்போதே படம் எடுத்து, முதலில் வரவேற்பில் சொல்லி, நடக்காவிட்டால் முன்பதிவு செய்த செயலிக்கும் அப்போதே எழுத வேண்டும். பாஸ்போர்ட்டைப் பதிந்துகொள்ளக் கேட்பார்கள், இத்தாலியில் அது சட்டம். ஆனால் அடமானம் மாதிரி வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

நாங்கள் மறுநாள் காலையில்தான் வாயைத் திறந்தோம். அதே வாடகைக்கு முதல் மாடியில் ரூம் கொடுத்தார்கள். முந்தின இரவும் அது காலியாகத்தான் இருந்ததாம். அதற்குள் மாமாவின் கையெல்லாம் வரிசையாகத் தடிப்பு. அவர் பெட்டியை அத்தை இன்னும் வீட்டுக்குள் விடவில்லை, மொட்டை மாடியிலேயே கிடக்கிறது.