கர்ப்பிணியின் எண்ணுக்குச் செய்தி அனுப்பும் முன்

கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் சுகாதாரப் பணியாளர் நான். பதிவேட்டில் போன் எண்ணை எழுதுமுன் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்த போன் பகலில் யார் கையில் இருக்கும்?" ஒருமுறை கேட்காமல் விட்டேன். கர்ப்பம் உறுதி என்ற குறுஞ்செய்தியை அந்தப் பெண்ணுக்கு முன்னால் அவள் கொழுந்தன் படித்துவிட்டான். வீட்டில் எப்போது சொல்வது என்பது அவள் முடிவு. அதை நான் பறித்துவிட்டேன்.

அதனால் இப்போது செய்தியில் விஷயமே இருக்காது. "புதன் காலை 10 மணிக்கு வாருங்கள்", அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை முடிவு, முக்கியமாக எச்.ஐ.வி., நேரில் மட்டும். பேசும்போதும் அப்படித்தான். "தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொள்வார். "இப்போது பேசலாமா?" போதும். "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்றால் விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணியின் போனையே வாங்கி, பூட்டுத்திரையில் செய்தி தெரியாதபடி அமைப்புகளில் மாற்றிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் தாமாகவே அழியும் 'மறையும் செய்திகள்' வசதியை 24 மணி நேரத்துக்கு வைக்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

சரி, நம் போன்? ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்தால் அது கேலரியில் கிடக்கும், கூகுள் போட்டோஸுக்கும் ஏறியிருக்கலாம். அழித்த பிறகும் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை தங்கும். அதையும் காலி செய்யுங்கள். என் மகன் கேம் விளையாடுவது இதே போனில்தான், அதனால் பதிவுச் செயலிக்குத் தனிப் பூட்டு போட்டிருக்கிறேன்.