கூத்துச் சங்கத்துக்கு மத்திய அரசு நிதியுதவி: விண்ணப்பத்திலிருந்து பயன்பாட்டுச் சான்று வரை

எங்கள் தெருக்கூத்துச் சங்கத்துக்குப் பண்பாட்டு அமைச்சகத்தின் நிதியுதவி கிடைத்ததிலிருந்து பக்கத்து ஜமாக்காரர்கள், அதாவது மற்றக் கூத்துக் குழுவினர், போன் போட்டபடி இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "விண்ணப்பத்துல என்னண்ணே எழுதினீங்க?" எழுதியதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், பணம் வருவதற்கு முன்பே கணக்கு எப்படி முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். முக்கால்வாசி வேலை இந்த இரண்டில்தான். சங்கத்தின் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்ல முடியவில்லை.

சங்கப் பதிவு, பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு இதெல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால் முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

1. எந்தத் திட்டம்?

கலைக்கான அமைச்சக நிதியுதவிகள் பெரும்பாலும் 'கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா' என்ற ஒரே குடைக்குள் வருகின்றன. நம்மைப் போன்ற குழுக்களுக்குப் பொருந்துவது அதில் இரண்டு. ஒன்று, குரு-சிஷ்ய பரம்பரை என்ற பெயரில் வரும் ரெபர்ட்டரி நிதி, அதாவது குருவுக்கும் சீடர்களுக்கும் மாதாமாதம் தரும் உதவித்தொகை. வாத்தியாருக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடக வகையில் ஒரு குருவுக்கு 18 சீடர்கள் வரை காட்டலாம், இசை, நடனம் என்றால் 10 பேர். மற்றொன்று, நிகழ்ச்சிகளுக்கும் புதுத் தயாரிப்புகளுக்கும் தரும் நிதி. விழா, பயிற்சிப் பட்டறை, கருத்தரங்கு, புது நாடகம் எல்லாம் இதில் அடங்கும். 5 லட்சம் வரை தருவார்கள், தனிப்பட்ட சில நேர்வுகளில் 20 லட்சம் வரை போகும்.

முதல்முறை போடுகிறவர்கள் இரண்டாவதற்கே போடுங்கள். ரெபர்ட்டரியில் மாதாமாதம் ஆள் கணக்கு, வருகைப் பதிவு, ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கு என்று வருடம் முழுக்க இழுக்கும். கணக்கு எழுத ஒரு நிலையான ஆள் இல்லாத ஜமா அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே போய்ச் சேர வேண்டும், அது வேறு காரணத்துக்காக: அவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி வாய்ப்புத் தருவார்கள், ஊதியமும் பயணப்படியும் கிடைக்கும். நீங்கள் நடத்தும் விழாவுக்கான பணம் அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது. அதேபோல ஆர்மோனியம், உடை என்று தனிக் கலைஞருக்கு வேண்டியவற்றுக்கு மாநிலக் கலை பண்பாட்டுத் துறையையும் சென்னை இயல் இசை நாடக மன்றத்தையும் பாருங்கள்.

2. பெயர்

சின்ன விஷயம் போலத் தெரியும். எங்களுக்கு அதிக நாள் போனது இதில்தான்.

சங்கப் பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிப் புத்தகம், தர்ப்பண் தளம் (தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் அரசுத் தளம், அடுத்த பகுதியில் வரும்) இந்த நான்கிலும் சங்கத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். 'மன்றம்' என்பதை ஓரிடத்தில் 'டி' சேர்த்தும் இன்னோர் இடத்தில் சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். 'குழு'வில் வரும் 'ழு' ஓரிடத்தில் 'இசட் ஹெச்', இன்னோர் இடத்தில் வெறும் 'எல்'. 'ஸ்ரீ' இருக்கும், இருக்காது. வங்கியில் கணக்கு ஆரம்பித்தபோது பெயர் நீளமாக இருக்கிறதென்று பாதியை வெட்டியிருப்பார்கள். மனுஷன் படித்தால் எல்லாம் ஒன்றுதான். கணினிக்கு நான்கும் நான்கு சங்கம்.

எதைத் திருத்துவது என்ற கேள்வி வரும். பதிவுச் சான்றிதழில் கைவைக்காதீர்கள். பெயர் மாற்றம் என்றால் பொதுக்குழுத் தீர்மானம், மாவட்டப் பதிவாளர் அலுவலகம் என்று போகும். சான்றிதழில் இருப்பதை மூலமாக வைத்து, முதலில் பான் அட்டையைத் திருத்துங்கள், அப்புறம் அந்தப் புது அட்டையைக் கொண்டுபோய் வங்கியில் பெயரை மாற்றுங்கள். வரிசை மாறினால் வங்கியில் "பான்ல வேற பேர் இருக்கே" என்று திருப்பி அனுப்புவார்கள், நாங்கள் அலைந்த கதை அதுதான். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுதுவோம் என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு அதன் நகலை எல்லாக் கோப்பிலும் வையுங்கள்.

நிர்வாகிகள் பெயருக்கும் இதே கதைதான். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் பானிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

3. தர்ப்பண் எண்

நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் சங்கத்தைப் பதிவு செய்தால் ஒரு தனி எண் வரும். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. பெயர் வேலையை முடித்துவிட்டால் இது ஓர் உட்காரலில் முடியும். ஒன்று மட்டும்: மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சங்கத்துக்கென்று தனியாக இருக்கட்டும். கல்லூரியில் படிக்கும் பையன் உதவி செய்கிறான் என்று அவன் மின்னஞ்சலைக் கொடுத்தால், அவன் வேலைக்குப் பெங்களூர் போனதும் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.

4. வரவு செலவு மதிப்பீடு

அமைச்சகம் மொத்தச் செலவில் 75 சதவீதம் வரைதான் தரும். மீதி 25 சதவீதம் நம் கையிலிருந்து. இதை எல்லோரும் படிக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியைப் படிப்பதில்லை: அந்த 75 சதவீதமும் இரண்டு தவணையாகத்தான் வரும். முதலில் முக்கால், கணக்குக் கொடுத்த பிறகு கால்.

எண்ணில் பாருங்கள். மூன்று ராத்திரி கூத்து விழா, மொத்தச் செலவு 4,00,000 ரூபாய். முழுசாக ஒப்புதல் கிடைத்தால் நிதியுதவி 3,00,000. முதல் தவணை 2,25,000. விழா நடக்கும் நாளில் அமைச்சகப் பணம் கையில் இருப்பது அவ்வளவுதான். நம் பங்கு ஒரு லட்சத்தோடு, பின்னால் வரப்போகும் 75,000-யும் சேர்த்து 1,75,000 நாம் புரட்ட வேண்டும். இரண்டாவது தவணை எப்போது வரும் என்று தேதி குறிக்க முடியாது. வட்டிக்கு வாங்கி விழா நடத்திவிட்டு அந்த 75,000-க்காகக் காத்திருந்தால், வட்டி யார் தருவது? அதனால் உங்களால் புரட்ட முடிந்த தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விழாவின் அளவை முடிவு செய்யுங்கள். கேட்டதைவிடக் குறைத்து ஒப்புதல் தருவதும் உண்டு.

செலவுத் தலைப்புகளைக் குறைவாக வையுங்கள். கலைஞர் ஊதியம், போக்குவரத்து, மேடை-ஒலி-ஒளி, உடை-ஒப்பனை, விளம்பரம், ஆவணப்படுத்தல். இதில் எங்கள் ஆட்கள் விட்டுவிடுவது ஒப்பனை. அரிதாரம், முத்துவெள்ளை போன்ற முகப்பூச்சு, கட்டைகளுக்கு (வேடக்காரர் அணியும் மர அணிகள்) கண்ணாடித்துண்டு ஒட்டிப் புதுப்பிப்பது எல்லாம் காலங்காலமாக வாத்தியாரின் சொந்தக் காசில் நடப்பதால் அதைச் செலவென்றே யாரும் நினைப்பதில்லை. எழுதுங்கள். அது செலவுதான்.

தேதியையும் யோசித்துப் போடுங்கள். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. அந்த மாதங்களில் விழா என்று எழுதினால் ஆடுவதற்கு ஆள் இருக்காது.

5. பதிவேற்றம்

அமைச்சக இணையதளத்தில் அந்த வருட அறிவிப்பைப் பார்த்து, அதில் சொன்ன வழியில்தான் அனுப்ப வேண்டும். போன வருட விதிமுறையை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள், தொகையும் படிவமும் மாறும்.

கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் எழுத்து தெளிவாக வரும், கோப்பும் சின்னதாக இருக்கும். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி எதுவும் வேண்டாம். கணக்குக்கு டாலி என்ற மென்பொருளை வாங்கச் சொல்வார்கள், நம் அளவுக்கு எக்செல் தாராளம்.

6. ஒப்புதல் வந்த பிறகு

முத்திரைத்தாளில் பத்திரம் கேட்பார்கள், மாதிரி விதிமுறையின் இணைப்பிலேயே இருக்கும். முத்திரைத்தாளைச் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள், செயலாளர் பெயரில் வேண்டாம்.

பணம் பி.எஃப்.எம்.எஸ். வழியாக வரும். மத்திய அரசின் பணப் பட்டுவாடாவைக் கண்காணிக்கும் தளம் அது. அதிலும் சங்கத்தைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட வேண்டும். இரண்டாவது படியைத் தாண்டி வந்தவர்கள் இங்கே அந்தப் பெயர்ப் பிரச்சினையில் மாட்ட மாட்டார்கள்.

இந்தப் பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். கோயில் நிகழ்ச்சி வரவு, சந்தா எல்லாம் விழும் கணக்கில் இதையும் வாங்கினால் கடைசியில் வட்டி பிரிக்க முடியாமல் ஆடிட்டர் தலையில் கைவைப்பார். ஏன் வட்டி என்கிறீர்களா? மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி நிதியுதவிப் பணத்தில் கிடைத்த வட்டி அரசுக்குச் சொந்தம். கணக்கு முடித்ததும் அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டி, ரசீதை இணைக்க வேண்டும். நூறு ரூபாயாக இருந்தாலும்தான்.

7. பயன்பாட்டுச் சான்று

வந்த பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்று அமைச்சகத்துக்குக் கொடுக்கும் சான்று இது. படிவத்தின் பெயர் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. ஒரு முறை பொறுமையாகப் படித்துவிட்டு விழாவை ஆரம்பியுங்கள், முடித்துவிட்டுப் படிக்காதீர்கள்.

குழப்பம் வரும் இடம் இது. சான்று எழுத வேண்டியது வந்த பணத்துக்கு, அதாவது நம் உதாரணத்தில் 2,25,000-க்கு. ஆனால் கூடவே தரும் தணிக்கை செய்த செலவுக் கணக்கு மொத்தம் 4,00,000-க்கும் இருக்க வேண்டும், நம் பங்கும் அதில் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே தொகைக்குப் போட்டால் கேள்வி வரும். 2,25,000-க்கு மட்டும் செலவுக் கணக்கு காட்டினால், சொன்னபடி விழா நடக்கவில்லை என்றாகி, நிதியையே குறைத்துவிடலாம்.

படிவம் செலவை மூன்றாகப் பிரித்துக் கேட்கும்: பொது, சம்பளம், மூலதனச் சொத்து. உங்கள் ஒப்புதல் ஆணையில் 'பொது' என்று இருந்தால், அந்தப் பணத்தில் ஆர்மோனியமோ ஒலிபெருக்கியோ வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் சங்கத்தின் வேறு பணத்தில் வாங்குங்கள்.

கலைஞர் ஊதியத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். எங்கள் மிருதங்கக்காரரின் கணக்கு கே.ஒய்.சி. இல்லாமல் முடங்கிக் கிடந்தது அனுப்பும்போதுதான் தெரிந்தது. எனவே விழாவுக்கு ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள். தவிர்க்க முடியாமல் ரொக்கம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. கைநாட்டு வைப்பவர் என்றால் பக்கத்தில் சாட்சி ஒருவர் பெயரும் கையெழுத்தும். அழைப்பிதழிலும் பேனரிலும் அமைச்சகத்தின் நிதியுதவி என்று போட்டு, பேனர் தெரிகிற மாதிரி மேடையைப் படம் எடுங்கள். விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு படம், கூட்டம் தெரிகிற மாதிரி இன்னொன்று.

ஆடிட்டர் சான்றில் 18 இலக்க யு.டி.ஐ.என். எண் (அந்தச் சான்றை அடையாளம் காட்டும் தனி எண்) இருக்கிறதா பாருங்கள். சில ஆடிட்டர்கள் "அப்புறம் போட்டுத் தர்றேன்" என்பார்கள். வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

பழைய செயலாளர் காலமாகிவிட்டார், தர்ப்பண் ஓ.டி.பி. அவர் எண்ணுக்கே போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் புது நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்தில் ஏழாம் படிவத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதோடு தீர்மான நகலையும் வைத்துத் தர்ப்பண் உதவி மையத்துக்கு எழுத வேண்டும். வங்கியிலும் கையெழுத்து மாற்றத்துக்கு இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே சான்றிட்ட நகல் மூன்று நான்காக வாங்கி வையுங்கள்.

வருடாந்திரக் கணக்கைப் பதிவாளரிடம் பல வருடம் தாக்கல் செய்யாத சங்கங்கள் என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது அது. விட்டுப்போன வருடங்களுக்குத் தாமதக் கட்டணத்தோடு மொத்தமாகக் கொடுத்துச் சரிசெய்யுங்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது, இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.