நிழலால் வாசிக்கும் ஆசிலேட்டர்: ஒரே ஐசியில் முதல் சின்த்

கையின் நிழல் விழுந்தால் சுருதி இறங்கும், கையை விலக்கினால் ஏறும். மின்சாரத்தால் ஒலியெழுப்பும் இப்படியொரு கருவியை, அதாவது சின்த்தை, சாலிடரிங் இல்லாமல், பிரெட்போர்டிலேயே (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) ஒரு மாலையில் செய்துவிடலாம்.

வாங்க வேண்டியவை: சிடி40106 ஐசி (சிப்) 1, எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் தடை குறையும் ரெசிஸ்டர்) 1, 10 கிலோஓம் ரெசிஸ்டர் 2, 1 கிலோஓம் 1, 100 கிலோஓம் 1, 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 2 (மேலே 104 என்றிருக்கும்), 1 மைக்ரோஃபாரட் 2, 10 மைக்ரோஃபாரட் 1, 1என்4148 டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) 1, 9 வோல்ட் பேட்டரி, கிளிப், ஆடியோ ஜாக்.

கடையில் 74ஹெச்சி14 கொடுத்தால் வாங்காதீர்கள். கால்களின் வரிசை ஒன்றுதான், ஆனால் 9 வோல்ட்டை அது தாங்காது.

படி 1: மின்சாரம். ஐசியின் பள்ளம் இடப்பக்கம் இருக்கும்படி நடுவில் செருகுங்கள். கீழ்வரிசையின் இடது ஓரம் 1ஆம் கால், அங்கிருந்து வலப்பக்கம் 7 வரை, மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 8 முதல் 14 வரை. 14க்குப் பிளஸ், 7க்குக் கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவே ஒரு 0.1 கபாசிட்டர். பயன்படுத்தாத 5, 9, 11, 13ஆம் கால்களையும் கிரவுண்டில் இணையுங்கள். அந்தரத்தில் விட்டால் அவை இரைச்சலைப் பிடித்துக்கொண்டு பேட்டரியையும் தின்னும்.

படி 2: ஆசிலேட்டர் (மாறி மாறி ஏறி இறங்கும் அலையை உண்டாக்கும் சுற்று). 2ஆம் காலிலிருந்து 10 கிலோஓம், அதன் மறுமுனையில் எல்டிஆர், எல்டிஆரின் மறுமுனை 1ஆம் காலுக்கு. 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 0.1 கபாசிட்டர்.

நடப்பது இதுதான்: கபாசிட்டர் குடம்போல நிரம்பி 5 வோல்ட்டைச் சற்றுத் தாண்டியதும் ஐசியின் வெளியீடு சுழியத்துக்குக் கவிழ்கிறது. குடம் 3.5 வோல்ட்டருகே வடிந்ததும் திரும்ப நிமிர்கிறது. ஐசிக்கு ஐசி இந்த அளவுகள் கொஞ்சம் மாறும். இப்படி இரண்டு அளவுகளில் கவிழ்ந்து நிமிரும் சுற்று, கணவாய் மீனின் நரம்புத் துடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்கர் ஓட்டோ ஷ்மிட் 1934இல் உருவாக்கியது. அதிர்வெண் சுமார் 1.2 ÷ (ஓம் × ஃபாரட்). எல்டிஆரும் 10 கிலோஓமும் சேர்ந்து 100 கிலோஓம் என்றால் 120 ஹெர்ட்ஸ். நல்ல வெளிச்சத்தில் 1000 ஹெர்ட்ஸை நெருங்கும், இருட்டில் தனித்தனி டிக் டிக் ஆகிவிடும்.

எல்டிஆருக்குப் பதில் பாட் (திருகித் தடையை மாற்றும் பாகம்) போட்டால் சுருதி நிலையாக நிற்கும். ஆனாலும் தொடக்கத்துக்கு எல்டிஆரையே சொல்வோம். விரலை மெல்ல அசைத்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். அந்த வழுக்கல்தான் இந்தக் கருவியின் குரல்.

படி 3: வெளியீடு. 9 வோல்ட் சதுர அலையை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பக் கூடாது. 2ஆம் காலிலிருந்து இரண்டாவது 10 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம். அந்தச் சந்திப்பில் 0.8 வோல்ட்தான் மிஞ்சும். அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக (பிளஸ் முனை சந்திப்புப் பக்கம்) ஜாக்கின் நுனிக்கு, ஜாக்கின் மறுபக்கம் கிரவுண்டுக்கு. ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கரில் மட்டும் செருகுங்கள், வால்யூமைக் குறைத்துவைத்துத் தொடங்குங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம்.

படி 4: தாளம். இதற்கு அதே ஐசியில் இரண்டாவது ஆசிலேட்டர். 3க்கும் 4க்கும் நடுவே 100 கிலோஓம், 3லிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் (மைனஸ் முனை கிரவுண்டில்). டையோடின் கோடு போட்ட முனை 4இல், மறுமுனை 1இல். 4ஆம் கால் சுழியத்துக்கு இறங்கும்போதெல்லாம் டையோடு 1ஆம் காலைக் கீழே பிடித்து ஒலியை நிறுத்தும், வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை. 10 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் இன்னொரு 1 மைக்ரோஃபாரட் போட்டால் வினாடிக்குப் பன்னிரண்டு முறை. அப்போது தாளம் கரைந்து, பூனை உறுமுவதுபோல ஒலியின் நிறமே மாறும். எந்த இடத்தில் தாளம் நிறமாகிறது என்று காதால் கேட்டுத்தான் கபாசிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சூத்திரம் அதைச் சொல்லாது.

ஒலி வரவில்லையா? டையோடைக் கழற்றிப் பாருங்கள். ஒலி வந்தால் இரண்டாவது ஆசிலேட்டர் ஓடவில்லை. பல பிரெட்போர்டுகளில் ஓர மின்தடம் நடுவில் அறுபட்டிருக்கும், ஒரு வயரால் இணையுங்கள். ஐசி சுட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். சில பல்புகளின் கீழே ஒலி கரகரக்கும். பல்பு வினாடிக்கு 100 முறை மினுங்குவதை எல்டிஆர் கேட்க வைக்கிறது. சன்னலோரம் கொண்டுபோனால் தெளிந்துவிடும். கரகரப்பு பிடித்திருந்தால் அங்கேயே வைத்து வாசியுங்கள்.