குமட்டலா? வயிற்றோடு நின்றுவிடாதீர்கள்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் புதிதாகச் சேரும் தாதியர், குமட்டலோடு வருபவரிடம் முதலில் "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. குமட்டலைக் கிளப்புவது மூளைத்தண்டு. குடல், இதயம், உட்காது, இரத்தத்தில் கலந்த மருந்து என்று எங்கிருந்தும் அதற்குச் செய்தி போகலாம். கெட்டுப்போன சாப்பாட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

"காஸ்ட்ரிக்தான்" என்று முடிவுகட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா, 60 வயதைத் தாண்டியவர், காலையில் மகளோடு வந்தார். இரவெல்லாம் குமட்டல். ஈனோ குடித்து, வயிற்றில் தைலமும் தேய்த்திருக்கிறார். "ஒன்னும் இல்லம்மா, காஸ்ட்ரிக்தான்" என்றார். புதிய தாதியும் அதையே எழுதி, வரிசையில் உட்காரவைத்துவிட்டார். கையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று வியர்வை. ஏர்கான் ஓடும் அறையில் ஏன் வியர்க்க வேண்டும்? உடனே இதயத்துடிப்பைப் பதியும் இசிஜி எடுத்தோம். மாரடைப்பு.

இதயத்தின் கீழ்ச்சுவருக்கு இரத்தம் போகாதபோது, மூளையை இதயத்தோடும் வயிற்றோடும் இணைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, குமட்டலும் வாந்தியும் வரலாம். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் களைப்பு, மூச்சுவாங்கல், குமட்டல் என்று மட்டும் காட்டுவதும் உண்டு. ஈனோ குடித்து ஏப்பம் வந்ததும், சரியாகிவிட்டது என்று படுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்ப வராது.

குமட்டலோடு குளிர் வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ இறுக்கம் இருந்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். டாக்சி பிடிக்க வேண்டாம். மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

மருந்துப் பையைத் திறந்து பார்க்காதது

சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் குமட்டல் சகஜம். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மாதவிடாய்த் தேதி கேட்கக் கூச்சப்படுவது

கேளுங்கள். குமட்டலுக்குக் கர்ப்பமும் காரணமாக இருக்கலாம். மாமியார் பக்கத்தில் இருந்தால் தனியாக அழைத்துக் கேளுங்கள்.

வாந்தி எடுத்த பிள்ளைக்குக் குவளையை நீட்டுவது

மடமடவென்று குடித்தால் அப்படியே வெளியே வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஐசோடானிக் பானம் அதற்கு ஈடாகாது. அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. வாந்தி பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.